முகம் பெயர்த்து உருத் திருத்துதல்

புதிதாக ஒரு பொருளை ஆக்குவது ஓர் அறிவு. பிறர் ஆக்கிய பொருளை அதன் நலங் கெடாது மாற்றியமைப்பது மற்றோர் அறிவு. முன்னையதற்குக் கல்லூரிகளிலே பாடம் உண்டு. பின்னையதைப் பெரும்பாலும் தொழிற்களமே கற்பிக்கின்றது. கணினியிலே திண்மப் பொருள்களை வடிவமைக்கும் கலையில் இப்பின்னைய அறிவுக்கென்றே அமைந்த முறை ஒன்று உண்டு. திண்மத்தின் முகத்தை நேரே பற்றி, இழுத்தும் தள்ளியும் சாய்த்தும் நீக்கியும் உருவைத் திருத்தும் முறையே அது. தமிழில் அதனை முகவழித் திருத்தம் எனலாம்.

பொறியியலாளர் எழுதவேண்டிய பொருளைத் தமிழாசிரியராகிய யாம் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் இரண்டு உண்டு. நம் நாட்டிலே கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பில் 2013 ஆம் ஆண்டு தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதிற் பயிலும் நம் மாணாக்கர் கணினி வரைதலைத் தமிழ்வழி கற்கின்றனர். கட்டளைகளின் ஆங்கிலப் பெயர்களை மனனஞ் செய்தல் எளிது. அக்கட்டளை செய்யும் செயலின் உட்பொருளைத் தம் மொழியிற் சிந்தித்தாலன்றி அது கைவராது. இஃது ஒரு காரணம். இம்முறையின் உட்பொருளை விளக்குதற்கு மிகப் பொருத்தமான கற்கட்டடம் ஒன்று நாவுலப் பகுதியிலேயே நிற்கின்றது என்பது மற்றொன்று.

நாலந்தாக் கற்றளி

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ9 வீதியில், நாவுல நகரை அடையுமுன் நாலந்தா என்னும் இடம் வரும். அங்கு வீதியிலிருந்து கிழக்கே சிறிது தூரம் சென்றால் நாலந்தா கெடிகே என்னும் கற்றளியைக் காணலாம். கெடிகே என்பது புத்த படிமமனையில் ஒரு வகைக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர். பௌத்த வழிபாட்டிடமாயினும், மண்டபமும் இடைகழியும் கருவறையும் வரிசையாக அமைந்த அதன் நிலப்படமும், சுவரின்மேல் விளங்கும் கூடுகளும், உச்சியிலே எழும் சிகரமும் பல்லவர் காலத்துத் தென்னாட்டுக் கோயில்களை நினைவூட்டும். அதன் காலத்தை 8 ஆம் நூற்றாண்டு முதல் 10 ஆம் நூற்றாண்டு வரை அறிஞர் பலவாறு கூறுவர். இரு சமயங்களின் கலை ஒரே கல்லிற் கூடிய அருமையான இடம் அது.

இன்று அது நிற்குமிடம் முதலில் நின்ற இடமன்று. 1970களில் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, கட்டடம் நின்ற தாழ்நிலம் நீரில் அமிழவிருந்தது. ஆதலால் தொல்பொருளியலார் அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்ந்த நிலத்திலே மீண்டும் கட்டினர்.

இம்மீள்கட்டுமானத்தின் நுட்பத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். முதலிற் கட்டிய தச்சர் எக்கல்லை முதலில் வைத்தார், எவ்வளவுகளை மனத்திற்கொண்டார், எதனை இடையிலே மாற்றினார் என்பவற்றைக் கூறும் ஏடு எதுவும் இன்று இல்லை. எஞ்சியுள்ளவை கற்களே. ஒவ்வொரு கல்லுக்கும் முகங்கள் உண்டு. கீழ்க்கல்லின்மேற் படிந்த முகம் இது, அயற்கல்லை ஒட்டிய முகம் இது, வெளியே தோன்றிய செதுக்கு முகம் இது என்று அறிந்தால், கல்லின் இடம் தானே விளங்கும். ஆக்கிய வரலாறு தெரியாதபோதும், முகங்களின் உறவு தெரிந்தால் ஒரு பொருளை ஆளலாம். முகவழித் திருத்தத்தின் அடிப்படை இவ்வுண்மையே.

கணினி அறியும் திண்மம்

கணினிக்குள்ளே ஒரு திண்மம் எவ்வாறு இருக்கின்றது? அதன் உள்ளீட்டை அணுவணுவாகக் கணினி எழுதிவைப்பதில்லை. திண்மத்தைச் சூழ்ந்து நிற்கும் எல்லையையே எழுதிவைக்கின்றது. எல்லை முழுமையாக மூடப்பட்டிருப்பின், எது உள், எது புறம் என்பது ஐயமின்றித் தெளிவாகும். எல்லைவழிக் குறிப்பு எனத்தக்க இம்முறையை 1970களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐயன் பிரெயிட் என்பாரும் அவருடன் உழைத்தோரும் வளர்த்தனர். இன்று தொழிற்றுறையிலே வழங்கும் பல மென்பொருள்களின் உள்ளே இருக்கும் வடிவியற் கருவிகள் அம்மரபில் வந்தவையே.

எல்லையின் உறுப்புகள் மூன்று: முகம், விளிம்பு, உச்சி. கீழ்வகுப்புக் கணித பாடத்திலே ஒயிலரின் தொடர்பை நாம் யாவரும் கற்றிருக்கின்றோம். உச்சிகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வரும் என்பது அது. கனவுருவுக்கு உச்சிகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6; ஆகவே 8 − 12 + 6 = 2. பரீட்சைக்காகக் கற்று மறந்த இத்தொடர்பை வடிவியற் கருவி மறப்பதில்லை. துளையுள்ள திண்மங்களுக்கு ஏற்ப விரித்த வடிவில் இதனைக் கொண்டே, தான் செய்த திருத்தத்தின் பின்னும் திண்மம் திண்மமாகவே உள்ளதா என்று அது சோதிக்கும்.

இன்னும் ஒரு நுட்பம் அறியவேண்டும். ஒவ்வொரு முகமும் எல்லையற்று விரியும் ஒரு பரப்பின் ஒரு துண்டு. மேசையின் மேல்முகம் எல்லையற்ற தளமொன்றின் துண்டு. துளையின் உட்சுவர் நீண்டு செல்லும் உருளைப் பரப்பொன்றின் துண்டு. இரு பரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோடே விளிம்பு. விளிம்புகள் கூடும் புள்ளியே உச்சி. ஆகவே பரப்புகளே முதல். விளிம்பும் உச்சியும் அவற்றின் விளைவு. இதனை மனத்திற் பதித்தவர்க்கு மேல்வருவன எல்லாம் எளிதாகும்.

வரலாற்று முறையும் நேர்முறையும்

திண்மத்தை அமைக்கும் முறைகள் இன்று இருவகையாக வழங்குகின்றன. முதலாவது வரலாற்று முறை. பரமான முறை என்றும் அதனைக் கூறுவர். சாமுவேல் கைஸ்பேர்க் என்பார் 1985 இல் அமெரிக்காவிலே தொடங்கிய நிறுவனம், 1980களின் இறுதியில் வெளியிட்ட புரோ எஞ்சினியர் என்னும் மென்பொருளால் இம்முறை உலகெங்கும் பரவியது. இங்கே கணினி பொருளை மட்டுமன்றி, அதனை ஆக்கிய படிகளையும் வரிசையாக நினைவில் வைத்திருக்கும்.

கற்பாளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள செவ்வகம் வரைதல் முதற்படி. அதனை 30 சென்ரிமீற்றர் உயர்த்துதல் இரண்டாம் படி. மேலே 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழி இடுதல் மூன்றாம் படி. விளிம்புகளை உருட்டி மழுக்குதல் நான்காம் படி. முதற்படிக்குச் சென்று 60 என்பதை 70 ஆக மாற்றினால், பின்வந்த படிகள் யாவும் மீளக் கணிக்கப்படும். ஒரே வகையான உறுப்பைப் பல அளவுகளிற் செய்யவேண்டுவோர்க்கு இதனினும் சிறந்த வழி இல்லை.

ஆயின் இதற்கு ஒரு குறை உண்டு. பிற்படி முற்படியைச் சார்ந்தது. நான்காம் படியில் மழுக்கிய விளிம்பு, இரண்டாம் படியிற் செய்த மாற்றத்தால் இல்லாது போயின், கணினி எதனை மழுக்குவது என்று அறியாது பிழை கூறி நிற்கும். நூறு படிகள் உள்ள உறுப்பிலே, அதனை ஆக்கியவர் வேலையை விட்டுச் சென்றபின், அவருடைய படிவரிசையைப் புரிந்துகொள்வது பிறர் எழுதிய கணக்கேட்டைத் தணிக்கை செய்வதினும் அரிது.

இரண்டாவது நேர்முறை. இங்கே படிவரிசை பார்க்கப்படுவதில்லை. கண்முன் உள்ள திண்மமே மூலம். வேண்டிய முகத்தைச் சுட்டியாற் பற்றி வேண்டியவாறு பெயர்க்கின்றோம். ஹியூலெற் பக்காட் நிறுவனத்திலே தோன்றிய சொலிட் டிசைனர் என்னும் மென்பொருள் 1990களிலேயே இவ்வழியிற் சென்றது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கெச்அப், முகத்தைத் தள்ளுதல் இழுத்தல் என்னும் செயலைக் கட்டடக் கலைஞர்க்கும் பொதுமக்களுக்கும் பழக்கியது. ஸ்கெச்அப்பிற் காண்பது மெல்லிய முகங்களின் கூட்டே என்பதையும், அது மேலே கூறிய கருவிகளைப் போன்ற முறையான திண்மக் கருவி அன்று என்பதையும் மாணாக்கர் நினைவிற்கொள்க. 2007 இல் ஸ்பேஸ் கிளெயிம் என்னும் மென்பொருளும், 2008 இல் சீமென்ஸ் நிறுவனத்தார் அறிவித்த ஒத்தியங்கு தொழினுட்பமும் நேர்முறையைப் பொறியியலுலகின் நடுவே கொணர்ந்தன. இன்று இரு முறைகளையும் ஒருங்கே கொண்ட மென்பொருள்களும் உள.

முகம் பெயரும்போது நிகழ்வது

முற்கூறிய கற்பாளத்தை, குழியும் மழுக்கலும் இல்லாத வெறும் பாளமாகக் கொண்டு, அதன் மேல்முகத்தை 5 சென்ரிமீற்றர் மேலே இழுப்போம். உயரம் 30 இலிருந்து 35 ஆகின்றது. கனவளவு 72,000 இலிருந்து 84,000 கன சென்ரிமீற்றராகின்றது. மேல்முகத்தின் தளம் உயர்ந்தது. பக்கத்து நான்கு தளங்கள் இருந்தபடியே இருந்தன; ஆயின் அவற்றின் துண்டுகளாகிய முகங்கள் மேல்நோக்கி நீண்டன. மேலே உள்ள நான்கு விளிம்புகளும் நான்கு உச்சிகளும் புதிதாகக் கணிக்கப்பட்டன. அடிமுகம் அணுவளவும் மாறவில்லை. எண்ணிக்கையும் மாறவில்லை, 8 உம் 12 உம் 6 உம் அவ்வாறே நின்றன.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. பொன் என்பதும் குடம் என்பதும் புணர்ந்து பொற்குடம் ஆகும்போது, நிலைமொழியின் ஈற்றெழுத்து மட்டும் திரிகின்றது; ஏனைய எழுத்துகள் இயல்பாகவே நிற்கின்றன. மாற்றம் சந்திக்கும் இடத்தில் மட்டும் நிகழ்வது. முகவழித் திருத்தமும் அத்தகையதே. பெயர்ந்த முகமும் அதனை அடுத்த முகங்களும் மட்டும் திருந்தும். தூரத்து முகங்கள் தீண்டப்படா. ஆயிரம் முகங்கள் உள்ள உறுப்பிலும் ஒரு முகத்தை விரைவிலே திருத்த முடிவது இதனாலேதான்.

முகத்தைச் சாய்த்தாலும் விதி இதுவே. மேல்முகத்தை மழைநீர் வடியுமாறு ஒரு பக்கம் 3 பாகை சாய்க்கின்றோம் எனின், சாய்ந்த தளம் பக்கத்துத் தளங்களை வேறு இடங்களில் வெட்டும். அவ்வெட்டுகளே புதிய விளிம்புகள்.

முகத்தை நீக்குதல் இவற்றினும் சுவையானது. முகத்தை எடுத்துவிட்டால் திண்மம் வாய் திறந்துவிடும் அன்றோ? அதனை மூடுதற்குக் கருவி அயல்முகங்களின் பரப்புகளை நீட்டிப் பார்க்கும். மழுக்கிய விளிம்பின் வளைமுகத்தை நீக்கினால், இருபுறத்துத் தளங்களும் நீண்டு ஒன்றையொன்று சந்திக்கும். பழைய கூரிய விளிம்பு மீளும். இனி, சதுர அடியும் சமச் சரிவும் உடைய கூம்பகத்தின் தலையைக் கிடையாக அரிந்த வடிவை எண்ணுக. அதற்கும் 8 உச்சி, 12 விளிம்பு, 6 முகம். தலைமுகத்தை நீக்கினால் நான்கு சரிவுகளும் நீண்டு ஒரு புள்ளியிலே கூடும். அரியப்பட்ட தலை மீண்டும் முளைக்கும். இப்போது 5 உச்சி, 8 விளிம்பு, 5 முகம்; 5 − 8 + 5 = 2. ஒயிலரின் தொடர்பு தவறவில்லை. அடி நீள்சதுரமாயின், சரிவுகள் புள்ளியிற் கூடாது, வீட்டுக் கூரையின் முகட்டைப் போன்ற ஒரு விளிம்பிற் கூடும். அங்கே 6 − 9 + 5 = 2.

இச்செயல் எங்கும் பலிக்கும் என்று எண்ணற்க. வெறும் கற்பாளத்தின் மேல்முகத்தை நீக்கினால், பக்கத்து நான்கு தளங்களும் நேரே மேல்நோக்கிச் செல்லுமேயன்றி ஒருகாலும் தம்முட் கூடி வாயை மூடா. கருவி இயலாது என்று கூறி நிற்கும். மென்பொருளிலே பழுது என்று மாணாக்கர் சலித்துக்கொள்வர். பழுது மென்பொருளில் இல்லை. கேட்ட வடிவம் உலகிலே இல்லை. இதனை உணர்ந்தவர் கட்டளைப் பெயரை மட்டும் அறிந்தவரினும் மேம்பட்டவர்.

உளியோடு ஒப்பிட்டால் இம்முறையின் உரிமை நன்கு விளங்கும். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் இரதங்கள் 7 ஆம் நூற்றாண்டிலே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி ஆக்கப்பட்டவை. வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்களும் முற்றுப்பெறாமலே நிற்பதால், தச்சர் வேலை செய்த ஒழுங்கை அவற்றிலே காணலாம். அவரும் முகத்தையே நேராகத் திருத்தினர். ஆயின் உளி முகத்தை உள்ளே தள்ள வல்லதன்றி வெளியே இழுக்க வல்லதன்று. ஒரு விரற்கடை மிகையாகச் செதுக்கினால் அது சென்றதே. கணினித் திண்மத்திலோ தள்ளலும் இழுத்தலும் ஒன்றுபோல் எளியன.

ஆக்கியோன் கருத்து

நேர்முறைக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. வரலாறு இல்லாத திண்மத்திலே ஆக்கியோன் கருத்தும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஒரு கற்றளியின் அடித்தளத்தில் இரண்டு முன்முகங்கள் ஒரே தளத்தில் அமைந்திருக்கின்றன எனக் கொள்வோம். ஒன்றை 2 சென்ரிமீற்றர் முன்னே இழுக்கின்றோம். மற்றதும் உடன்வர வேண்டுமா? கருவி அவை ஒரே தளத்தின என்பதைக் கண்டறியும். இரு துளைகள் ஒரே அச்சின என்பதையும், இரு சுவர்கள் இணை என்பதையும் கண்டறியும். கண்டு, உடன்பெயர்க்கவா என்று கேட்கும். ஆயின் அவ்வொற்றுமை கருதிச் செய்ததா, தற்செயலாய் நேர்ந்ததா என்பதை அஃது அறியாது. உரையாசிரியர் மூலபாடத்தை நோக்கி நூலாசிரியர் கருத்தை உய்த்துணர்வது போல, வடிவமைப்பாளரே உருவை நோக்கி அதனை உய்த்துணரல் வேண்டும். இவ்விடத்திலே கருவி நின்றுவிடுகின்றது, கல்வி தொடங்குகின்றது.

தொழிலிற் பயன்

நாவுல, மாத்தளை போன்ற இடங்களின் சிறு பட்டறைகளுக்கு இம்முறை பெரிதும் உரியது என்பது எம் கருத்து. அத்தகைய பட்டறைகளின் வேலை பெரும்பாலும் பழுதுபார்த்தலே. புதியன படைத்தல் குறைவு. நீர்ப்பம்பியின் மூடியோ நெல் ஆலையின் தாங்கிக்கூடோ உடைந்தால், அதனை ஆக்கிய நிறுவனத்தின் படிவரிசை பட்டறையாருக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தால் ஸ்டெப் வகைக் கோப்புக் கிடைக்கும். வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே வடிவைக் கொண்டுசெல்ல 1994 முதல் வெளியிடப்பட்டுவரும் அனைத்துலக நியமம் அது, ஐ.எஸ்.ஓ. 10303 என்பது அதன் எண். அக்கோப்பிலே உருவம் வரும். ஆக்கிய வரலாறு பொதுவாக வருவதில்லை. அதனைத் திருத்த முகவழியே நேரிய வழி.

வார்ப்பட்டறையை நோக்குக. முடிந்த உறுப்பின் உரு கையில் உண்டு. கடைந்து செப்பஞ் செய்யவேண்டிய முகங்களிற் சில மில்லிமீற்றர் மிகை விடவேண்டும். அம்முகங்களை வெளியே இழுத்தல் போதும். அச்சு மணலிலிருந்து தடையின்றி எழும்பொருட்டுப் பக்கச் சுவர்களுக்குச் சிறு சரிவு வேண்டும். அம்முகங்களைச் சாய்த்தல் போதும். உறுப்பின் வலிமையைக் கணினியாற் கணிக்கும் பொறியியலாளர், கணிப்பைத் தாமதப்படுத்தும் சிறு மழுக்கல்களையும் சிறு துளைகளையும் முதலில் நீக்குவர். அதுவும் முகம் நீக்கும் செயலே.

ஓர் எச்சரிக்கை

எளிமையே இம்முறையின் ஆபத்தும் ஆகும். உளியின் வடு கல்லிலே நிலைத்திருக்கும். சுட்டியாற் பெயர்த்த முகமோ தான் முன்பு நின்ற இடத்தைக் காட்டாது. நேற்று 30 ஆக இருந்த அளவு இன்று 32 ஆயின், அதனை மாற்றியவர் யார், எதன்பொருட்டு மாற்றினார் என்பதைத் திண்மம் சொல்லாது. இயந்திர உறுப்பாயின் அது பொருத்தம் கெட்டு இழப்பைத் தரும். தொன்மைச் சின்னமாயின் இழப்பு இன்னும் பெரிது.

நம் மாணாக்கர் ஒருவர் நாலந்தாக் கற்றளியை அளந்து திண்ம உருவாக அமைக்கின்றார் எனக் கொள்வோம். ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் தின்ற கல்லின் முகம் நேராக இராது. ஒரு மூலை சிதைந்திருக்கும். ஒரு கூடு தேய்ந்திருக்கும். முகத்தை ஒருமுறை இழுத்தால் யாவும் நேராகிவிடும், படமும் அழகாகும். ஆயின் அவர் அமைத்தது கெடிகேயன்று; கெடிகே இவ்வாறு இருந்திருக்கும் என்னும் தம் எண்ணமே. அவ்வெண்ணத்தையும் வரையலாம், வரைதல் தவறன்று. அளந்த உரு ஒரு கோப்பிலும், எண்ணிய உரு மற்றொரு கோப்பிலும் இருத்தல் வேண்டும். பெயர்த்த ஒவ்வொரு முகத்துக்கும் நாளும் அளவும் காரணமும் எழுதிய குறிப்பு ஒன்று உடனிருத்தல் வேண்டும். வரலாற்றை வேண்டாத முறையைக் கையாள்வோர்க்கே வரலாறு எழுதும் கடமை மிகுதி என்க.

ஆகவே மாணாக்கர்க்கு யாம் கூற விழைவது இது. இரு முறைகளையும் கற்க. பல அளவுகளில் ஒன்றையே ஆக்கும்போது வரலாற்று முறையைக் கொள்க. பிறர் ஆக்கியதைத் திருத்தும்போது முகவழி முறையைக் கொள்க. எதனைக் கொள்ளினும் முகம் எப்பரப்பின் துண்டு, அதன் அயல் யாது, பெயர்த்தால் எவை மாறும், எவை மாறா என்று கையை நீட்டுமுன் மனத்திலே கண்டுகொள்க. பொறியியற்றுறையிலே பணிபுரியும் பழைய மாணவர்கள், விடுமுறைக்கு வரும்போது ஒரு நாளை ஒதுக்கி, தாம் திருத்திய உறுப்புகளின் கோப்புகளைக் கொணர்ந்து மாணாக்கர்க்குக் காட்டுவாராயின், இவ்விழாவின் பயன் இன்னும் பல ஆண்டு நிலைக்கும்.

விழாக் காணும் நம் கல்லூரித் தாய் வாழ்க! அவள்பால் கற்றோரும் கற்போரும் கற்பிப்போரும் நலமுற்று ஓங்குக!